நண்டுக் குழம்புக்கு முன்னால் ஒரு கேள்வி

விலங்குகளைப் பற்றிய அறிவியல் செய்திகளைத் தேடிப் படிப்பது எனக்கு நெடுநாள் பழக்கம். அவற்றில் பெரும்பாலானவை படித்து வியந்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடக்கூடியவை. ஆனால் ஸ்வீடனின் கோதன்பர்க் பல்கலைக்கழகத்திலிருந்து 2024இல் வந்த ஒரு செய்தியை என்னால் அப்படிக் கடந்துபோக முடியவில்லை. கரைநண்டுகளின் உடலில் மின்முனைகளைப் பொருத்தி, அவற்றின் மென்மையான பகுதிகளில் அழுத்தம் கொடுத்தும் வினிகரில் இருக்கும் அமிலத்தைத் தடவியும் பார்த்த ஆய்வாளர்கள், அந்தத் தொல்லை நண்டின் மைய நரம்பு மண்டலம் வரை போய்ச் சேர்வதை மின்னலைகளாகப் பதிவு செய்திருக்கிறார்கள். நண்டுக்கு வலிக்குமா என்ற கேள்வி உயிரோடு நண்டு வாங்கிச் சமைக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் உரியது என்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தத் துறையில் நெடுங்காலம் உழைத்தவர் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் எல்வுட். சூடு பட்டதும் கையை இழுத்துக்கொள்வது வெறும் அனிச்சைச் செயலாகவும் இருக்கலாம் என்பதால், நண்டு துள்ளுகிறது என்பதை மட்டும் வைத்து அதற்கு வலிக்கிறது என்று அவர் முடிவு கட்டவில்லை. சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகளுக்கு அவர் லேசான மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார். பிடிக்காத சங்கில் இருந்தவை எளிதில் வெளியேறின; பிடித்தமான சங்கில் இருந்தவையோ அதிர்ச்சியைப் பொறுத்துக்கொண்டு உள்ளேயே இருக்க முயன்றன. வேட்டையாடும் விலங்கின் வாடை தண்ணீரில் கலந்திருந்தபோதும் அவை வெளியேறத் தயங்கின. அனிச்சைச் செயல் இப்படி லாப நட்டம் பார்ப்பதில்லை. 2013இல் வெளியான இன்னொரு ஆய்வில், வெளிச்சமான தொட்டியில் இரண்டு இருட்டு மறைவிடங்களை வைத்து, அவற்றுள் ஒன்றில் மட்டும் அதிர்ச்சி கொடுத்தார்கள். இருட்டை விரும்பும் கரைநண்டுகளில் பெரும்பாலானவை இரண்டு முறை பட்ட பிறகு மற்ற மறைவிடத்தைத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொண்டன.

எனக்கு மிகவும் உறைத்தது 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு. நண்டைச் சுத்தம் செய்யும்போது முதலில் கொடுக்கை முறுக்கி ஒடிப்பதுதான் நம் வழக்கம். கடி படாமல் இருக்க வேண்டும் என்பது அதற்கு நியாயமான காரணம். “நண்டு தானாகவே காலை உதிர்த்துவிடும், அதற்கு ஒன்றும் தெரியாது” என்று சொல்லித்தான் எங்களுக்கும் கற்றுக்கொடுத்தார்கள். நண்டு தன் காலைத் தானே உதிர்க்கக்கூடியது என்பது உண்மை. ஆனால் ஐரோப்பாவில் உணவுக்காகப் பிடிக்கப்படும் பெரிய நண்டுகளை வைத்துச் செய்த அந்த ஆய்வில், தானாக உதிர்த்த நண்டைவிட, கொடுக்கு பிடுங்கப்பட்ட நண்டின் உடலில் நெருக்கடியைக் காட்டும் வேதிமாற்றங்கள் அதிகமாக இருந்தன. தானே விடுவதும் பிறர் பிய்த்தெடுப்பதும் அதன் உடலுக்கு ஒன்றல்ல.

பிரிட்டன் அரசு கேட்டுக்கொண்டதன்பேரில் தத்துவப் பேராசிரியர் ஜோனதன் பிர்ச் தலைமையிலான குழு முந்நூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்து, 2021 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. நண்டு, இறால், கணவாய், ஆக்டோபஸ் ஆகியவற்றை உணர்வுள்ள உயிர்களாகக் கருத வேண்டும் என்று அது பரிந்துரைத்ததும், 2022இல் நிறைவேறிய விலங்கு நலச் சட்டம் அவற்றைச் சேர்த்துக்கொண்டது. மரத்துப்போகச் செய்யாமல் உயிரோடு கொதிநீரில் போடுவதும், உயிரோடு உறுப்புகளைப் பிய்ப்பதும், கடல் நண்டை நன்னீரில் மூழ்கடிப்பதும், வேறு வழி இருக்கும்போது தடை செய்யப்பட வேண்டியவை என்றும் அந்த அறிக்கை சொன்னது. சுவிட்சர்லாந்து 2018இலேயே சிங்கி இறாலை உயிரோடு வேகவைப்பதைத் தடை செய்துவிட்டது.

நம் நாட்டுச் சட்டம் இதில் பின்தங்கியது என்று யாரும் நினைக்க வேண்டாம். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், மனிதர் நீங்கலான எந்த உயிரும் விலங்கே என்று வரையறுக்கிறது. நண்டும் அதில் அடங்கும். உணவுக்காகக் கொல்வதற்கு அது விலக்களிக்கிறது, ஆனால் தேவையற்ற வலி இல்லாமல் கொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு. சட்டம் எப்போதோ எழுதி வைத்துவிட்டதை நம் சமையலறைகள்தாம் இன்னும் காதில் வாங்கவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் நண்டு உண்பவன், இனியும் உண்பேன். விலங்கின் வலியைப் பற்றிப் பேசினாலே, இறைச்சியும் மீனும் உண்போரை இழிவாகப் பார்க்கும் கூட்டம் அந்தப் பேச்சைத் தன் கையில் எடுத்துக்கொள்வது இந்நாட்டில் வழக்கமாகிவிட்டது. அதனாலேயே நம்மில் பலர் இந்தக் கேள்வியைத் தொடவே தயங்குகிறோம். அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது, ஆனால் ஏற்கவில்லை. உண்பவர்களாகிய நாம் பேசாமல் விட்டால், இதைப் பற்றிப் பேசும் உரிமை நம்மை வெறுப்பவர்களிடம் மட்டுமே போய்விடும். வயல் நண்டை இடித்து ரசம் வைத்துச் சளிக்குக் கொடுக்கும் ஒரு தாயை இந்தப் பேச்சுக்குள் இழுத்துக் குற்றவாளியாக்க எவருக்கும் உரிமையில்லை.

நடைமுறையில் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. கடலில் பிடிபடும் ஓலைக்கால் நண்டும் முக்கண்ணன் நண்டும் பெரும்பாலும் ஐஸில் இறந்த நிலையிலேயே சந்தைக்கு வருகின்றன. கேள்வி முக்கியமாகச் சேற்று நண்டைப் பற்றியது. ஈரம் இருந்தால் அது தண்ணீருக்கு வெளியே நாள்கணக்கில் உயிரோடு இருக்கும், செத்தால் விரைவில் கெட்டுவிடும். அதனால்தான் கயிற்றால் கட்டி உயிரோடு விற்கிறார்கள். அந்தக் கட்டை அவிழ்க்காமலேயே, ஐஸ் கலந்த உப்புநீரில் நண்டு முழுவதும் மூழ்கும்படி வைத்து, தொட்டாலும் கண் அசையாத நிலை வரும்வரை காத்திருக்கலாம். குளிரில் நண்டு உணர்வை இழக்கிறதா, அசைவை மட்டும் இழக்கிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆகவே அதோடு நிறுத்தாமல், அடுத்த நொடியே கனமான கத்தியால் கண்களுக்குப் பின்னாலும் வயிற்று மடிப்புக்கு அடியிலும் உள்ள இரு நரம்பு மையங்களையும் சிதைத்துவிட வேண்டும். ஓட்டைப் பிரிப்பதும் கொடுக்கை ஒடிப்பதும் அதற்குப் பிறகுதான். குழம்பின் ருசி இதனால் எள்ளளவும் குறைவதில்லை.

சந்தையில் விடியற்காலையிலிருந்து அரிவாள்மணைக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து, அவசரப்படுத்தும் வாடிக்கையாளர்களுக்காக நண்டு சுத்தம் செய்து தரும் அக்காக்களின் தலையில் இந்தப் பொறுப்பைக் கட்டக் கூடாது. மேலே நான் விவரித்த நண்டுச் சோதனைகள் எல்லாம் ஐரோப்பியக் குளிர்கடல் நண்டுகளை வைத்து நடந்தவை. நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சென்னையில் உவர்நீர் மீன்வளர்ப்புக்கான மத்திய ஆய்வு நிறுவனம் இருக்கிறது. நம் கழிமுகங்களின் சேற்று நண்டுக்கு எவ்வளவு நேரக் குளிர் போதும், கத்தியை எங்கே, எந்தக் கோணத்தில் இறக்க வேண்டும் என்பதை அவர்கள் தெளிவாகச் சோதித்து, படத்தோடு ஒரு பக்கத்தில் எளிய தமிழில் அச்சிட்டு மீன் சந்தைகளுக்குக் கொடுக்க வேண்டும். அந்தச் சந்தைகளுக்கு வேண்டிய ஐஸையும் தண்ணீர்த் தொட்டியையும் உள்ளாட்சி அமைப்புகள் செய்து கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் கேட்டு மீன்வளத் துறைக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். சேர்ந்து கையெழுத்திட விரும்பும் நண்பர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள்.