எதிர்வீட்டுப் பெண்ணுக்காக எழுதியது, எல்லோரும் படிக்கலாம்

பிளஸ் டூ ரிசல்ட், நீட் ரிசல்ட் எல்லாம் வந்து முடிந்த பிறகு வருடா வருடம் எனக்குச் சில போன்கள் வரும். சொந்தக்காரர்கள், தெருவில் தெரிந்தவர்கள், கூட வேலை பார்க்கும் நர்ஸ் அக்காவின் தங்கை மகள். எல்லோரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள். "மெடிக்கல் கிடைக்கலம்மா. அதுக்குப் பக்கத்துல ஏதாவது இருக்கா?"

இந்த வருடம் எதிர்வீட்டுப் பெண். இரண்டு முறை நீட் எழுதியவள். அவள் அப்பா வாசலில் நின்று என்னிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவள் தரையைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். "பயோகெமிஸ்ட்ரியோ மைக்ரோபயாலஜியோ ஏதாவது ஒண்ணுல போட்டுவிடலாம்னு இருக்கோம். அடுத்த வருஷம் மறுபடி எழுதட்டும்" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. மகளுக்காக இரண்டு வருடம் கோச்சிங்குக்குப் பணம் கட்டிய மனிதர். ஆனால் "போட்டுவிடலாம்" என்ற அந்த ஒரு சொல் அன்று ராத்திரி முழுக்க மனதில் கிடந்து உறுத்தியது.

நானும் அப்படிப் போட்டுவிடப்பட்டவள்தான். 2004-ல் நீட் கிடையாது, தமிழ்நாட்டு நுழைவுத்தேர்வுதான். கட்-ஆஃபில் போனது. பி.எஸ்சி. உயிர்வேதியியலில் சேர்த்துவிட்டார்கள். முதல் நாள் வகுப்பில் மேடம் கேட்டார், "மெடிக்கல் கிடைக்காம இங்க வந்தவங்க யாரு?" ஏறக்குறைய எல்லாக் கைகளும் மேலே போயின. அந்த வருடம் முழுக்க எங்களில் பாதிப் பேர் வகுப்பில் உட்கார்ந்திருந்தது, தப்பான பஸ்ஸில் ஏறியவர்கள் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருப்பதைப் போலத்தான்.

அதில் வந்த பெரிய நஷ்டம் தியரியில் இல்லை. தியரியைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். நஷ்டம் லேபில்தான். இறங்கிப்போகப் போகிற இடம் என்று நினைக்கிற பிள்ளை லேபில் முன்னால் வந்து நிற்காது. நாலு பேர் சேர்ந்து ஒரு சோதனை என்றால் ஒருத்தி செய்வாள், மற்ற மூன்று பேர் ரீடிங்கை எழுதிக்கொள்வார்கள். ரெக்கார்டு சீனியரிடமிருந்து வரும். பிள்ளைகள் கேட்காததால் கல்லூரியும் கொடுக்காது. பெற்றோர் கட்டணம் எவ்வளவு, பஸ் வருமா என்று கேட்பார்கள். லேபைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்ட ஒரு பெற்றோரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆறுதல் பரிசு என்று நாம் முடிவு கட்டிவிட்டதால்தான் இந்தப் படிப்பைப் பல இடங்களில் ஆறுதல் பரிசு மாதிரியே நடத்துகிறார்கள். இதைத்தான் நான் சொல்ல வந்தேன். பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி மாதிரியான உயிர்மருத்துவ அறிவியல் எல்லாம் கையால் படிக்கிற படிப்பு. கை வேலை செய்யவில்லை என்றால் மூன்று வருடமும் போச்சு.

ஒரு ராத்திரி நடந்ததைச் சொன்னால் புரியும்.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனை லேப். மணி பதினொன்றரை இருக்கும். கால் புண்ணுக்காக அட்மிட் ஆகியிருந்த சர்க்கரை நோயாளி ஒரு அம்மாவின் ரத்தம் மெஷினிலிருந்து வெளியே வருகிறது. பொட்டாசியம் 8.2. சாதாரணமாக 3.5-லிருந்து 5-க்குள் இருக்க வேண்டியது. எட்டைத் தாண்டினால் இதயம் எந்த நிமிடமும் நின்றுபோகலாம். டெக்னீஷியன் தம்பி டூட்டி டாக்டரைக் கூப்பிட போனைக் கையில் எடுத்துவிட்டான். அது அவன் கடமை, தப்பில்லை. நான் ஒரு நிமிடம் இரு என்று சொல்லிவிட்டு மற்ற எண்களைப் பார்த்தேன். கால்சியம் 4.1. சாதாரண அளவில் பாதிக்கும் கீழே. ஏ.எல்.பி. என்ற நொதி 11, கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. சீரம் சிவப்பாக இருக்கிறதா என்று டியூபைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். தெளிந்த மஞ்சள். ரத்த அணுக்கள் உடைந்து பொட்டாசியம் கசிந்திருக்கவும் வாய்ப்பில்லை.

வார்டுக்குப் போன் போட்டேன். "அந்த அம்மா எப்படி இருக்காங்க சிஸ்டர்?" "தூக்கம் வரலைன்னு உட்கார்ந்து பக்கத்து பெட்டோட பேசிட்டிருக்காங்க." பொட்டாசியம் எட்டும் கால்சியம் நான்கும் உள்ள ஒருவர் அப்படி உட்கார்ந்து கதை பேசுவது மிக அரிது. "ரத்தம் எடுக்கும்போது பர்ப்பிள் மூடி டியூபிலிருந்து மஞ்சள் மூடி டியூபுக்கு ஊத்தினீங்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம், "ஆமா மேடம், இதுல பத்தலைன்னு..." என்றார். மறுபடி புதிதாக எடுத்து அனுப்பச் சொன்னேன். பொட்டாசியம் 4.4.

பர்ப்பிள் மூடி டியூபின் உள்ளே ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளின் பொட்டாசியம் உப்பு பூசியிருக்கும். ஈ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்துக் கட்டிவிடும், அதனால்தான் அந்த டியூபில் ரத்தம் உறையாது. ஏ.எல்.பி. வேலை செய்யத் துத்தநாகமும் மெக்னீசியமும் வேண்டும், அவற்றையும் அது விடாது. ஆகவே அந்த டியூபிலிருந்து கொஞ்சம் கலந்தாலே பொட்டாசியம் ஏறும், கால்சியமும் ஏ.எல்.பி.யும் விழும். மூன்றும் சேர்ந்து மாறுவதுதான் அடையாளம். முதல் எண்ணை மட்டும் நம்பியிருந்தால் அந்த அம்மாவுக்கு இன்சுலின் ஏற்றிப் பொட்டாசியத்தைக் குறைக்க ஆரம்பித்திருப்பார்கள். சரியாக இருக்கிற பொட்டாசியத்தைக் குறைப்பது எவ்வளவு ஆபத்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதை எனக்கு எந்தப் புத்தகமும் அந்த நேரத்தில் ஞாபகப்படுத்தவில்லை. பி.எஸ்சி. இரண்டாம் வருடத்தில் தண்ணீரின் கடினத்தன்மை பார்க்கிற சோதனை ஒன்று உண்டு. ஹாஸ்டல் போர் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனோம். பியூரெட்டிலிருந்து ஈ.டி.டி.ஏ.-வைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். குடுவையில் நிறங்காட்டி சேர்த்ததால் கருஞ்சிவப்பாக இருக்கிற தண்ணீர், கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் ஈ.டி.டி.ஏ. முழுக்கப் பிடித்து முடித்த அந்தச் சொட்டில் நீலமாகத் திரும்பும். நான் ஒரு சொட்டு தாண்டிவிட்டேன், மறுபடி செய்தேன், மறுபடி தாண்டிவிட்டேன். எங்கள் லேப் அட்டெண்டர் அண்ணன் நாலு மணிக்குப் பூட்ட வேண்டியவர், ஐந்து வரை சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "அவசரப்படாதம்மா, குழாயைப் பாதி திற" என்றார். அந்த நீலம் என் கண்ணில் இன்றும் இருக்கிறது. ஈ.டி.டி.ஏ. கால்சியத்தை விடாது என்பது எனக்குப் படித்துத் தெரிந்த விஷயம் இல்லை, பார்த்துத் தெரிந்தது.

அதே லேபில் ரத்தத்தில் பாஸ்பரஸ் அளவைப் பார்க்கிற சோதனையும் உண்டு. அதற்கு ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்று பெயர். மூன்று வருடம் ரெக்கார்டில் அந்தப் பெயரை எழுதியும், அது யாரோ ஒரு வெள்ளைக்காரரின் முழுப்பெயர் என்றுதான் எங்களில் பலர் நினைத்திருந்தோம். எல்லாப்ரகட சுப்பாராவ், ஆந்திராவின் பீமவரத்தில் 1895-ல் பிறந்தவர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தி சொன்னார் என்று கதர் உடுத்தியதற்காகப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார். அமெரிக்காவில் பாஸ்டன் போய் இறங்கியபோது அந்தப் பட்டத்தை வைத்து மருத்துவம் பார்க்க முடியவில்லை. மருத்துவமனையில் ராத்திரி வேலைக்காரராக இருந்துகொண்டே ஹார்வர்டில் படித்தார், அங்கேயே உயிர்வேதியியல் ஆய்வில் சேர்ந்தார். 1925-ல் அந்தப் பாஸ்பரஸ் முறை வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் தசை எப்படி ஆற்றலைச் சேமிக்கிறது என்று அவரும் ஹார்வர்டு ஆசிரியர் ஃபிஸ்கேயும் தேடிப்போய், செல்களுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறை 1929-ல் கண்டுபிடித்து எழுதினார்கள். பிறகு லெடர்லே என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் அவர் தலைமையில் வேலை செய்தவர்கள் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தார்கள், யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மருந்தைக் கொண்டுவந்தார்கள். நம் மாவட்டங்களில் வீடு வீடாக வந்து கொடுத்தார்களே, அந்த மாத்திரைதான்.

ஒரு பெரிய பட்டம் கைநழுவிப் போன மனிதரின் வேலை இது. எதிர்வீட்டுப் பெண்ணிடம் நான் முதலில் சொன்னது இவர் கதையைத்தான்.

இன்னொன்றும் சொன்னேன். 1985, 86 வாக்கில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலாவிடம் அவருடைய பேராசிரியை சுனிதி சாலமன் ஒரு ஆய்வுத் தலைப்பைக் கொடுத்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறதா என்று தேடுவது. இங்கே அதெல்லாம் வராது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம். நிர்மலா பாலியல் தொழில் செய்யும் பெண்களிடமிருந்து எண்பதுக்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகள் எடுத்தார். பாதுகாத்து வைக்க வசதி இல்லாமல் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தார். சென்னையில் அந்தச் சோதனைக்கு வழி இல்லை. கணவரோடு ராத்திரி ரயிலில் காட்பாடிக்குப் போய், அங்கிருந்து வேலூர் சி.எம்.சி.க்கு எடுத்துப்போனார். சோதனைத் தட்டில் சில குழிகள் மஞ்சளாக மாறின. நம் நாட்டில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. நிர்மலாவும் சுனிதியும் மருத்துவர்கள்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அன்று நாட்டுக்கு உதவியது ஸ்டெதஸ்கோப் இல்லை. டியூபும் ஐஸும் ஒழுங்காக ஒட்டிய லேபிளும்தான்.

கொரோனாவில் இதை எல்லோரும் கண்ணால் பார்த்தோம். தமிழ்நாடு ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனையையே நம்பி நின்றது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஆரம்பித்து மாவட்டம் மாவட்டமாக லேப் திறந்தபோது, உள்ளே முழு உடை போட்டுக்கொண்டு நின்றவர்களில் நுண்ணுயிரியல், உயிர்தொழில்நுட்பம் படித்த பிள்ளைகள் ஏராளம். தெருவில் கை தட்டியபோது அவர்கள் முகம் யாருக்கும் தெரியாது.

சரி, கஷ்டத்தையும் சொல்லத்தான் வேண்டும். பி.எஸ்சி.யோடு நின்றால் சம்பளம் குறைவு. எம்.எஸ்சி. முடித்தாலும் ஆரம்பத்தில் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வை எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் 2023-லிருந்து மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000, வாடகைப் படி தனி. அது கிடைக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். மருத்துவக் கல்லூரிகளில் எம்.எஸ்சி., பிஎச்.டி. படித்தவர்கள் பல வருடமாகப் பாடம் எடுத்துவந்தார்கள். 2020-ல் தேசிய மருத்துவ ஆணையம் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் துறைகளில் அவர்களுக்கான பங்கை 15 சதவீதத்துக்குக் குறைத்தது, நுண்ணுயிரியலிலும் மருந்தியலிலும் அடியோடு எடுத்துவிட்டது. 2025-ல் வந்த விதி அந்த இரண்டு துறைகளையும் மறுபடி திறந்திருக்கிறது. நடுவில் அந்த ஐந்து வருடம் படித்து முடித்து வெளியே வந்தவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. என் ஆதங்கம் ஒன்றுதான். இந்தப் படிப்பை நாம் மதித்திருந்தால் அவர்களுக்காக இன்னும் நிறைய பேர் சத்தம் போட்டிருப்போம்.

பெயர்க் குழப்பமும் நிறைய. பயோமெடிக்கல் இன்ஜினியரிங் வேறு, அது கருவிகள் பக்கம். பி.எஸ்சி. எம்.எல்.டி. வேறு, அது நேராக மருத்துவமனை லேபுக்கு. பயோமெடிக்கல் சயின்ஸ் என்ற பெயரிலேயே டெல்லி பல்கலைக்கழகக் கல்லூரிகளிலும் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் படிப்பு இருக்கிறது. மேற்படிப்புக்குத் தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஏ.எல். முதலியார் அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனம் இருக்கிறது. பெயரைப் பார்த்துச் சேராமல் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள்.

லேபையும் பாருங்கள். கல்லூரிக்குப் போனால் லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தூசி படிந்த மெஷினை எண்ணாதீர்கள், கழுவிக் காயவைத்த டியூபை எண்ணுங்கள். மிகச் சிறிய அளவு திரவத்தை அளந்து எடுக்கிற மைக்ரோபிப்பெட்டைப் பிள்ளைகள் கையில் கொடுக்கிறார்களா, ஆசிரியர் மட்டும் டெமோ காட்டுகிறாரா என்று இரண்டாம் வருட மாணவர்களிடம் தனியாகக் கேளுங்கள். அதன் கட்டைவிரல் பொத்தான் இரண்டு இடத்தில் நிற்கும். முதல் தடையில் நிறுத்தி உறிஞ்ச வேண்டும், இரண்டாவது வரை அழுத்தி வெளியே தள்ள வேண்டும். எம்.எஸ்சி. சேர்ந்த பிறகுதான் நான் அதை முதன்முதலாகத் தொட்டேன். தெரியாமல் கடைசி வரை அழுத்தி உறிஞ்சி, ஒரு மதியம் முழுக்க என் ரீடிங் எல்லாம் கூடிப்போய், காரணம் தெரியாமல் அழுதிருக்கிறேன். பத்து மைக்ரோலிட்டர் என்பது ஒரு சொட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அதன் அளவு கட்டைவிரலுக்குத் தெரிய மாதக்கணக்கில் ஆகும். பதினெட்டு வயதில் ஆரம்பித்துவிட வேண்டும்.

போன சனிக்கிழமை எதிர்வீட்டுப் பெண் அப்பாவோடு ஒரு கல்லூரியைப் பார்க்கப் போனாள். மதியம் அங்கிருந்தே போன் பண்ணினாள். "அக்கா, லேபைத் திறந்து காட்டினாங்க. ஆறு பேருக்கு ஒரு பிப்பெட்தான் இருக்காம். பரவாயில்லையா?"

"பிப்பெட் மேல இருக்கிற எழுத்தெல்லாம் அழிஞ்சிருக்கா பாரு" என்றேன்.

"தேஞ்சுபோயிருக்குக்கா. டேப் சுத்தி வச்சிருக்காங்க."

சேர்ந்துகொள் என்று சொன்னேன்.