வைட்டமின் ஏ கூடினால் தசை கூடுமா?

‘தவளைக் கருவில் நிரூபித்துவிட்டார்கள், வைட்டமின் ஏ மாத்திரையைக் கூடுதலாகப் போட்டால் தசை முறுக்கேறும்’ என்று ஒரு வாட்ஸப் செய்தி சுற்றுகிறது. தவளை ஆய்வு உண்மை. மாத்திரைக் கதை பொய்.

ஆய்வகங்களில் பெரும்பாலும் வளர்ப்பது ஆப்பிரிக்கத் தவளையான ஜெனோபஸ். அதன் கருவில் வைட்டமின் ஏ-யிலிருந்து ரெட்டினாயிக் அமிலம் உண்டாகிறது. அதைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களான ஏற்பிகள் ஆல்பா, பீட்டா, காமா என மூன்று வகை. இவை டிஎன்ஏ-வின் மேலேயே உட்கார்ந்திருப்பவை. அமிலம் வந்து ஒட்டினால் மரபணு வேலை செய்யும். வராவிட்டால் அதே ஏற்பி மரபணுவை அடக்கி வைக்கும். செய்தி எழுதியவர் கோட்டை விட்டது இங்கேதான். கருவின் வால் முனையில் அமிலத்தைச் சிதைக்கும் நொதி இருப்பதால் அமிலம் அங்கே நிற்பதில்லை. அங்கே காமா ஏற்பி அடக்கி வைப்பதால்தான் செல்கள் அவசரப்பட்டுத் தசையாக மாறாமல் கையிருப்பாக நிற்கின்றன. உடல் பக்கம் இருக்கும் அமிலத்தைச் சந்தித்ததும், பீட்டா ஏற்பியின் துணையோடு, அந்தச் செல்கள் வரிசையாகத் துண்டு துண்டான கூட்டங்களாகப் பிரிகின்றன. தசை அந்தத் துண்டுகளிலிருந்து வருவது.

சரி, அமிலத்தை அள்ளிக் கொட்டினால்? கையிருப்பு தீர்ந்து உடல் குட்டையாகும். தலைப்பகுதியும் ஒழுங்காக உருவாகாது. தலை கெடுவது 1989-லேயே தெரிந்த விஷயம்.

அப்புறம், இதெல்லாம் கருவில் நடப்பது, ஜிம்முக்குப் போகிறவர் புஜத்தில் அல்ல. மிதமிஞ்சிய வைட்டமின் ஏ கல்லீரலில் சேர்ந்து அதைக் கெடுக்கும். கர்ப்பிணிகள் அளவுக்கு மீறி எடுத்தால் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வரலாம்.