எல்லாரும் டிசம்பரிலேயே கொடுத்துவிட்டால் ஏப்ரலில் யார் கொடுப்பது?

சனிக்கிழமை எங்கள் குடியிருப்பில் நடந்த ரத்ததான முகாமில் நான் ரத்தம் கொடுக்கவில்லை. வேண்டுமென்றேதான். மோர், பிஸ்கட் விநியோகத்தில் நின்றுகொண்டேன். "ஏன் மேடம், நீங்க கொடுக்கலையா?" என்று வந்தவர் போனவரெல்லாம் கேட்டார்கள். அங்கே விளக்கம் சொல்ல நேரமில்லை. இங்கே சொல்கிறேன்.

மார்கழியில் மயிலாப்பூர்ப் பக்கம் சனி, ஞாயிறு எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்கு: காலையில் முகாம், மதியம் பழைய புத்தகம், துணிமணி சேகரிப்பு, சாயங்காலம் ஏதாவது ஓர் அறக்கட்டளைக்கு நிதி திரட்டும் கச்சேரி, மறுநாள் விடியும் முன் மாட வீதியில் பஜனை, பத்து மணிக்கு அக்கா குடும்பம் வந்து இறங்கும். எனக்கு இந்த அமளி பிடிக்கும். வருஷம் பூராவும் லிஃப்ட்டில் முகம் பார்க்காதவர்கள் கூட அன்றைக்குச் சேர்ந்து நாற்காலி தூக்குவார்கள்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு தடவை ரத்தம் கொடுத்த ஆண் அடுத்த 90 நாள் கொடுக்கக் கூடாது. பெண் 120 நாள். டிசம்பர் 20-ஆம் தேதி எங்கள் குடியிருப்பே வரிசையில் நின்று கொடுத்துவிட்டால் ஆண்கள் மார்ச் 20 வரைக்கும், பெண்கள் ஏப்ரல் 19 வரைக்கும் 'லீவ்'. கொடுத்த ரத்தமாவது அதுவரை தாங்குமா? ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டுக்கு ஆயுள் 5 நாள், கிறிஸ்துமஸைத் தாண்டாது. சிவப்பணுக்கள் எந்தக் கரைசலில் வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து 35 நாளோ 42 நாளோ இருக்கும். ஜனவரியோடு கதை முடிந்தது. பிறகு பரீட்சை, கோடை விடுமுறை, கல்லூரி முகாம்கள் நின்றுபோகும் காலம். ரத்த வங்கிகள் கையைப் பிசைவது அப்போதுதான். உடம்பில் ரத்தம் சரியாக ஊறாத தலசீமியா என்ற பரம்பரை நோய் உள்ள குழந்தைகளுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். அவர்களுக்கு ஏது மார்கழி, ஏது சித்திரை?

முகாமுக்கு முன்னாலேயே சங்கக் கூட்டத்தில் சொன்னேன். ஏ பிளாக் டிசம்பர், பி பிளாக் மார்ச், சி பிளாக் ஜூன் என்று பிரித்துக்கொள்ளலாமே என்றேன். "டிசம்பர்லதான் மேடம் சீஃப் கெஸ்ட் கிடைப்பாங்க" என்று பதில் வந்தது. ஊசி குத்திக்கொள்ள வந்தவர்களுக்குச் சீஃப் கெஸ்ட் எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. வந்தவர் குத்துவிளக்கு ஏற்றினார், போட்டோ எடுத்துக்கொண்டார், கையை நீட்டாமல் கிளம்பினார்.

இன்னொரு விஷயமும் நெருடியது. ஊரிலிருந்து முதல்நாளே வந்துவிட்ட அக்காவும் கொடுக்க வரிசையில் நின்றாள். கட்டிலுக்கு முன்னால் ஒரு சின்ன மேஜை, அதில் நீல நிறத் தாமிர சல்பேட் கரைசல். விரலில் குத்தி எடுத்த ஒரு துளி ரத்தத்தை அதில் விடுவார்கள். ஹீமோகுளோபின் 12.5 கிராமாவது (டெசிலிட்டருக்கு) இருந்தால் துளி கல் மாதிரி அடியில் போய்விடும். அக்காவுடையது கொஞ்சம் இறங்கி, தயங்கி, மேலே வந்து மிதந்தது. "அடுத்த தடவை வாங்கக்கா" என்று சோதித்த பெண் சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டாள். அவள் வேலை அது, தப்பில்லை. ஆனால் அக்காவுக்குப் பின்னால் நின்ற பெண்கள் பலரும் அப்படியே திரும்பினார்கள். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் (2019-21) இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அப்படிப்பட்டவர்கள் தாமாகவே முகாமுக்கு வந்து விரலை நீட்டுகிறார்கள். ஒரு டாக்டர் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து என்ன சாப்பிட வேண்டும், எங்கே போய் முழு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று சொல்லக் கூடாதா? பேனருக்குக் கொடுத்த காசில் ஆகியிருக்கும். அக்கா என்ன செய்தாள் தெரியுமா, என்னிடமிருந்து மோர்க் குவளையைப் பிடுங்கிக்கொண்டு அந்த கவுன்ட்டரையே தன் வசமாக்கிக்கொண்டாள். ஊசி என்றாலே மயங்கி விழும் மாமா தூரத்திலிருந்து அவளுக்குத் தைரியம் சொன்னார்.

சாயங்காலக் கச்சேரி நன்றாகவே இருந்தது. தனி ஆவர்த்தனம் முடிந்ததும் மைக் மேடைப் பேச்சாளர்கள் கைக்குப் போனதுதான் கொடுமை. பொன்னாடைக்கு மேல் பொன்னாடை. பாட்டையும் தர்மத்தையும் கலக்காதீர்கள் என்று பக்கத்து இருக்கைக்காரர் முணுமுணுத்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1944-இல் கஸ்தூர்பா நினைவு நிதிக்காக எம்.எஸ். சுப்புலட்சுமி ஐந்து கச்சேரிகள் செய்தார். 1974-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்ததும் பொதுச்சேவைப் பிரிவில்தான். ஜனங்கள் பாட்டுக்கு வருவார்கள், வந்த இடத்தில் கொடுப்பார்கள், அடுத்த தடவையும் வருவார்கள். சும்மா உண்டியலை நீட்டினால் ஒரு தடவையோடு சரி.

கச்சேரிக்கும் என் குறை தேதிதான். ஒரே மாலையில் நாலு சபாவில் நாலு நல்ல காரியத்துக்கு நிதி திரட்டினால் ஒருவர் டிக்கெட்டை இன்னொருவர் தின்பதுதான் நடக்கும். மே மாதத்தில் வையுங்களேன். ஏப்ரலில் பாதி வித்வான்கள் அமெரிக்காவில் நடக்கும் கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனைக்குப் போய்விடுவார்கள், சரி. மீதிப் பாதி இங்கேதானே இருக்கிறார்கள்?

ஞாயிறு மதியச் சாப்பாட்டில் இதையே பேசிப் பேசி எல்லாரையும் படுத்தியெடுத்தேன். அம்மா, "சாம்பாரை ஊத்திட்டுப் பேசுடி" என்றாள். ஆனாலும் இலை எடுப்பதற்குள் ஒரு முடிவு வந்தது. என் வீட்டுக்காரர் சனிக்கிழமையே கொடுத்துவிட்டதால் அவருக்கு அடுத்தது மார்ச் கடைசியில். நான் ஏப்ரலில். அக்கா பையனுக்கு மார்ச்சில் 18 முடிகிறது; அவனும் என்னோடு வருகிறானாம். அக்கா டாக்டரைப் பார்த்து மாத்திரை ஆரம்பித்து, துளி மூழ்கிய பிறகு. மாமாவுக்கு டிரைவர் வேலை.

உங்கள் குடியிருப்பில், ஆபீஸில் டிசம்பர் முகாம் போட்டு முடித்தவர்கள் இப்போதே பக்கத்து ரத்த வங்கிக்கு போன் செய்து ஏப்ரல், மே மாதத்தில் ஒரு தேதி கேட்டுப் பாருங்கள். எங்கள் பி பிளாக்கில் இதுவரை நானும் இரண்டாம் மாடிக்காரரும்தான். இன்னும் ஆள் வேண்டும். சீஃப் கெஸ்ட் கிடையாது, கேசரி உண்டு.