குணசாலியா, பராக்கிரமசாலியா?

அப்பாவின் அம்மாவை அடக்கம் செய்து மூன்று மாதங்கள் ஆகிவிட்டன. அறிவிப்பில் வழக்கம்போல் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று அச்சிட்டோம். அடக்க ஆராதனையில் வழக்கம்போல் வேதாகமத்தில் நல்ல மனைவியைப் புகழும் நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்தை வாசித்தார்கள். பெரியப்பா எழுந்து, “அம்மா ஒருநாளும் முறுமுறுத்ததில்லை” என்று சாட்சி சொன்னார். கூடியிருந்தவர்கள் தலையசைத்தார்கள், நானும் அசைத்தேன். அந்தத் தலையசைப்பு அன்றிலிருந்து என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பாட்டி முறுமுறுத்தவர்தான், மனிதரிடம் அல்ல, நேரே ஆண்டவரிடம்.

அவருடைய ஜெப நோட்டைப் பார்த்தவர்கள் இதை மறுக்க முடியாது. கணக்கு எழுதும் நீளமான நோட்டு அது. ஒவ்வொரு பக்கத்திலும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு மூன்று கட்டங்களாகப் பிரித்திருந்தார்: கேட்ட தேதி, கேட்ட காரியம், பதில் வந்த தேதி. விடிவதற்கு முன் எழுந்து, பெரிய எழுத்து வேதாகமத்தை மடியில் விரித்து, கண்ணாடியின் உடைந்த காதில் கட்டிய நூலைத் தலைக்குப் பின்னால் இழுத்துவிட்டுக்கொண்டு, அந்த நோட்டில் உள்ள ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு ஜெபிப்பார். பேரனின் தேர்வு, அடுத்த வீட்டாரின் கடன், போதகரின் முழங்கால் வலி எல்லாம் அதில் உண்டு. எங்கள் தாத்தாவைக் கூட்டுத் தொழிலில் ஏமாற்றியவரின் பெயரும் இருந்தது. அவருக்கு என்ன நேர வேண்டும் என்று பாட்டி கேட்டார் என்பதை இங்கே எழுதாமல் விடுவதே நல்லது. கடன் கொடுத்தவர் வரவு வைப்பதுபோல, பதில் வந்ததும் மூன்றாம் கட்டத்தில் தேதி போடுவார். வராதவை வெறுமையாகவே கிடந்தன. எதையும் அவர் அடித்து முடித்ததில்லை.

1984ஆம் ஆண்டுப் பக்கத்தில் ஒரே வரிதான் இருக்கிறது: சித்தப்பாவின் சுகத்துக்கான விண்ணப்பம். பத்தொன்பது வயதில் அவர் காய்ச்சலில் போய்விட்டார். மூன்றாம் கட்டத்தில் தேதிக்குப் பதிலாக, காகிதம் கிழியும் அளவுக்குப் பேனாவை அழுத்தி, ‘ஏன்?’ என்று எழுதியிருக்கிறார். அதன்பின் ஏறக்குறைய ஓராண்டு ஒவ்வொரு ஞாயிறும் ஆலயத்துக்குப் போனார், தமக்குரிய இடத்தில் அமர்ந்தார், காணிக்கையும் போட்டார்; பாடுவதற்கு மட்டும் வாய் திறக்கவில்லை என்று அப்பா சொல்வார். அந்த நாட்களில் அவர் திரும்பத் திரும்ப வாசித்தது 88ஆம் சங்கீதம் ஒன்றைத்தான். வேதாகமத்தில் அந்தப் பக்கத்தின் கீழ்மூலை விரல் பட்டுப் பட்டுக் கறுத்து, துணிபோல் நைந்திருக்கிறது.

சங்கீதப் புத்தகத்தை ஒழுங்காக வாசித்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடுதான். அவற்றில் பெரும்பாலானவை அழுகையில் தொடங்கினாலும் நம்பிக்கையில் போய் முடியும். 88ஆம் சங்கீதம் மட்டும் கடைசி வரி வரையிலும் இருளிலேயே நின்றுவிடும். அதையும் வேதமாகத் தொகுத்துக் கையில் கொடுத்துவிட்டு, அழுதவளை விசுவாசக் குறைச்சல் உள்ளவள் என்று எப்படிச் சொல்ல முடியும்? கணவனையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்துத் திரும்பிய நகோமி, தன்னை நகோமி என்று கூப்பிட வேண்டாம், மாராள் என்று கூப்பிடுங்கள், சர்வவல்லவர் எனக்கு மிகுந்த கசப்பைக் கட்டளையிட்டார் என்று ஊர்ப் பெண்களிடம் வெளிப்படையாகவே சொன்னாள். மருமகள் ரூத்தின் பிள்ளையை மடியில் வைத்து வளர்த்தவளும் அவளேதான். தாவீதின் தாத்தா அந்த மடியில் வளர்ந்தவன். கசப்பைச் சொன்ன வாயை வேதம் மூடவில்லை, நாம்தான் இரங்கல் உரைகளில் மூடுகிறோம்.

நீதிமொழிகள் 31க்கு வருகிறேன். அதன் 10ஆம் வசனம் முதல் 31ஆம் வசனம் வரையுள்ள 22 வசனங்கள், எபிரெய நெடுங்கணக்கின் 22 எழுத்துக்களில் முறையே தொடங்கும் அகரவரிசைப் பாட்டு. ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் உழைப்பில் 1871இல் வெளிவந்து, நம்மில் பலர் இன்றும் கையில் வைத்திருக்கும் பழைய மொழிபெயர்ப்பு, ‘குணசாலியான ஸ்திரீயைக் கண்டுபிடிப்பவன் யார்?’ என்று அதைத் தொடங்குகிறது. ‘குணசாலி’ என்று தமிழில் வந்திருக்கும் இடத்தில் மூலத்தில் உள்ள சொல் ‘ஹயில்’. வலிமை, ஆற்றல், செல்வம், படை என்றெல்லாம் பொருள்படும் சொல் அது. இஸ்ரவேலின் போர்த்தலைவனாகப்போகும் கிதியோனைத் தேவதூதன் அழைக்கும்போது அதே சொல் ‘பராக்கிரமசாலியே’ என்று தமிழாகிறது. ரூத்தை மணக்கும் போவாஸைக் குறிக்கும்போது ‘ஆஸ்திக்காரன்’ என்று ஆகிறது. ரூத்துக்கு வரும்போது மறுபடியும் ‘குணசாலி’. போருக்குப் போகிறவனுக்கு என்றால் பராக்கிரமம், நிலபுலம் உள்ளவனுக்கு என்றால் ஆஸ்தி, பெண்ணுக்கு என்றால் குணம்! அந்த மொழிபெயர்ப்பின் தமிழில் வளர்ந்தவன் நான், அதன் ஓசை இல்லாமல் எனக்கு ஜெபிக்கவே வராது. ஆனாலும் இந்த இடத்தில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. அந்தப் பாட்டில் வரும் பெண் வயலை விசாரித்து வாங்குகிறாள், திராட்சத்தோட்டம் நாட்டுகிறாள், பெலத்தால் இடைக்கட்டிக்கொள்கிறாள். தாத்தாவுக்குப் பின் கடன்காரர்களை ஒவ்வொருவராக வாசலில் நின்று சந்தித்து, தையல் எந்திரத்தை மிதித்தே நான்கு பிள்ளைகளை ஆளாக்கிய பாட்டிக்கும் அந்தச் சொல் பொருந்தும், அதன் முழுப்பொருளோடு.

இப்படி எழுதிக்கொண்டே போனால் நானும் பெரியப்பாவைப் போலவே அவரைச் சுவரில் மாட்டும் படமாக்கிவிடுவேன். ஆகவே அத்தையின் கதையையும் சொல்ல வேண்டும். அத்தை நம் விசுவாசத்துக்கு வெளியே ஒருவரை மணந்தபோது பாட்டி அந்தத் திருமணத்துக்குப் போகவில்லை. ஏழு ஆண்டுகள் மகளோடு பேசவும் இல்லை. அத்தை அனுப்பிய கடிதங்களைப் பிரிக்காமலேயே வேதாகமத்துக்குள் வைத்துவிடுவார். பக்தி ஒருவரை இரக்கமுள்ளவராக்குவது போலவே, சில வேளைகளில் கல்லாகவும் ஆக்கிவிடும் என்பதை நான் முதலில் பார்த்தது எங்கள் வீட்டில்தான், நான் மிகவும் நேசித்த ஒருவரிடத்தில்தான்.

அப்போஸ்தலன் பவுல் தம் இளம் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, அவனுடைய மாயமற்ற விசுவாசம் முந்தி அவன் பாட்டியாகிய லோவிசாளுக்குள் நிலைத்திருந்தது என்கிறார். புதிய ஏற்பாட்டில் பாட்டி என்ற உறவுச்சொல் வருவது அந்த ஒரே இடத்தில்தான். போதகர்கள் முதியோர் ஞாயிறு தவறாமல் அதை எடுத்துப் பேசுவார்கள். தீமோத்தேயுவின் தாய் யூதப் பெண், தகப்பனோ கிரேக்கன் என்று அப்போஸ்தலருடைய நடபடிகள் 16இல் இருப்பதை அவர்கள் சேர்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்படியானால் லோவிசாளின் மகளும் வெளியேதான் மணம் முடித்திருக்கிறாள். அந்த வீட்டில் எத்தனை ஆண்டுகள் பேச்சு நின்றிருந்ததோ, யார் முதலில் கதவைத் திறந்தார்களோ, வேதத்தில் அது இல்லை.

எங்கள் வீட்டில் முதலில் கதவைத் திறந்தது யார் என்பது நோட்டில் இருக்கிறது. அத்தையின் பெயருக்கு நேரே முதலில் ‘அவள் மனந்திரும்ப வேண்டும்’ என்று நீல மையில் எழுதியிருந்தார். பின்னொரு நாள் கறுப்பு மையில் ‘அவள்’ என்பதை அடித்து, மேலே ‘நான்’ என்று எழுதியிருக்கிறார். அந்த நோட்டு முழுவதிலும் பாட்டி அடித்துத் திருத்திய சொல் அது ஒன்றுதான். அதற்கு அடுத்த வாரம்தான் அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், அத்தையின் வீட்டுக்குப் புறப்பட்டுப் போனார் என்று அப்பா சொன்னார். அங்கே இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

அந்த வரிக்கு நேரே மூன்றாம் கட்டம் வெறுமையாகவே இருந்தது. நோட்டு இப்போது அத்தையிடம் இருக்கிறது. அதில் தேதி போட்டுவிட்டீர்களா என்று நான் இன்னும் அவரிடம் கேட்கவில்லை.