ரோமின் முதல் பேரரசர் ஜூலியஸ் சீசரா?

"ரோமின் முதல் பேரரசர் ஜூலியஸ் சீசர், முடிசூடிய மறுநாளே கொல்லப்பட்டார்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

சீசர் முடிசூடவே இல்லை. கி.மு. 44-இல் வாழ்நாள் சர்வாதிகாரி ஆனார். அதே ஆண்டு மார்ச் 15 அன்று ரோமின் ஆட்சி மன்றமான செனட்டின் உறுப்பினர்கள் சிலர் அவரைக் குத்திக் கொன்றார்கள்.

முதல் பேரரசர், சீசருடைய சகோதரியின் பேரன் ஆக்டேவியன். சீசரின் உயில் அவரை வாரிசாக்கியபோது வயது 18தான். கி.மு. 31-இல் ஆக்டியம் கடற்போரில் ரோமானியத் தளபதி ஆண்டனியையும் எகிப்து அரசி கிளியோபாட்ராவையும் வென்றார். கி.மு. 27-இல் செனட் 'அகஸ்டஸ்' பட்டம் தந்தது. அப்போதும் தன்னை மன்னர் என்று சொல்லிக்கொள்ளாமல் 'முதல் குடிமகன்' என்றே வைத்துக்கொண்டார். கெட்டிக்காரர்!

சந்தேகம் இருந்தால், துருக்கியின் அங்காராவில் அகஸ்டஸ் கோயில் சுவரிலுள்ள அவரது கல்வெட்டின் மொழிபெயர்ப்பை இணையத்தில் பாருங்கள். பட்டம் பெற்ற கதையை அவரே சொல்கிறார். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள்.