இன்சுலின் தசைக்கு இரத்தம் போவதைத் தடுக்குமா?

"எலியில் நிரூபித்துவிட்டார்கள், இன்சுலின் ஊசி தசைக்கு இரத்தம் போவதையே நிறுத்திவிடும்" என்றொரு குரல்பதிவு திருகோணமலை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. தவறு. எலி ஆய்வுகள் காட்டியது நேர்மாறு.

எலியின் நாளத்தில் இன்சுலினைச் சீராகச் செலுத்தி, இரத்தச் சீனி இறங்காதபடி குளுக்கோஸும் கூடவே கொடுத்தார்கள். பின்னங்கால் தசையில் அதுவரை அதிகம் இரத்தம் ஓடாத நுண்குழாய்களிலும் ஓட்டம் கூடியது. இரத்தக் குழாய்களை விரியச் செய்யும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு உடலில் உருவாவதைத் தடுத்தபோது அந்த ஓட்டம் கூடவில்லை. தசை எடுத்துக்கொள்ளும் குளுக்கோஸும் குறைந்தது. ஆனால் அடியோடு நிற்கவில்லை. தசைக் கலத்துக்குள் குளுக்கோஸை விடும் குளூட்-4 புரதத்தை மேற்பரப்புக்குக் கொண்டுவருவதும் இன்சுலின்தானே! குரல்பதிவுக்காரர் ஆய்வைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார் போல.

சரி, ஊசியில் கவனிக்க வேண்டியது சீனி மட்டுமீறி இறங்குவதை. அளவை கிளினிக்கில் கேட்டு மாற்றுங்கள்; சீனி வருத்தக்காரர் தாமாக நிறுத்தக் கூடாது.