சுவையை வைத்து முடிவு செய்ய வேண்டாம்
"ஊற்றுத் தண்ணீர் கரிக்கவில்லை, அதனால் கடல்நீர் கலக்கவில்லை" என்று கடலோர ஊற்றைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படிச் சொல்லிவிட முடியாதுங்க. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மி.கி. குளோரைடு (உப்பில் உள்ள ஒரு கூறு) உண்டு. நூற்றில் ஒரு பங்கு கலந்தால் 190 மி.கி. கூடும், நாக்குக்குத் தெரிவதோ ஏறக்குறைய 250-க்கு மேல்தான். உப்பைத் தாங்காத நீர்ப்பூச்சிப் புழுக்கள் சில, நாம் உணரும் முன்பே குறையத் தொடங்கலாம்.

உப்பு கூடினால் நீர் மின்சாரத்தைக் கூடுதலாகக் கடத்தும்; அதை அளக்கும் மின்கடத்துதிறன் மீட்டர் இருந்தால் யாரும் சரிபார்க்கலாம். கடத்துதிறன் 1413 மைக்ரோசீமென்ஸ்/செ.மீ. என்று தெரிந்த கரைசலில் அளவீட்டைச் சரிசெய்துவிட்டு, ஊற்றின் வாயிலேயே முனையை வையுங்கள். மேல்மட்டத்தில் எடுத்தால் ஏமாற்றும். உப்புநீர் கனம், அடியில் தங்கும். கடல் ஏறும் ஓதத்திலும் இறங்கும் வற்றத்திலும் எடுங்கள். ஒருநாள் அளவு போதாது, மழைக்காலம் கோடை இரண்டும் வேண்டும். ஒரு சதவீதக் கலப்புக்கே அளவு சுமார் 500 மைக்ரோசீமென்ஸ்/செ.மீ. ஏறிவிடும்.